ஏரிக்கரையும் வாயிற்கதவும்



ஓர் ஊரைக் கட்டியவர் யார் என்று கேட்பது நம் வழக்கம். எதற்காகக் கூடியவர்கள் அதைக் கட்டினார்கள் என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஷட்டாக்வா ஏரிக்கரையில் உள்ள குடியிருப்பு அப்படிப்பட்டது. ஏரியின் பெயர் பூர்வகுடிகளுடையது. நிலம் கைமாறிப் போனது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்தக் கரையில் மெதடிஸ்ட் கிறித்தவர்கள் கூடாரமடித்து ஜெபக்கூட்டம் நடத்திவந்தார்கள். 1874இல் போதகர் ஜான் ஹெய்ல் வின்சென்ட், விவசாய இயந்திரத் தொழிலதிபர் லூயிஸ் மில்லர் இருவரும் அதே இடத்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் தொடங்கினார்கள். உணர்ச்சியைக் கிளறும் கூட்டத்தைவிட, படிக்கவைக்கும் கூட்டமே வின்சென்டுக்கு முக்கியம். வேதாகம நிலவியலைக் கற்பிக்கப் பாலஸ்தீனத்தின் மாதிரியைக் கரையிலேயே மண்ணால் அமைத்தார்கள். ஏரிதான் மத்தியதரைக் கடல். ஏரி கிழக்கே இருந்ததால், அந்த மாதிரியில் திசைகள் தலைகீழாயின.

கூடாரங்களுக்கு அளந்துவிட்ட சிறு மனைகளில் பிறகு மரவீடுகள் எழுந்தன. இன்றும் தெருக்கள் குறுகலாக, முன்திண்ணைகள் நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் அதுவே. 1989இல் அவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

ஆனால் அங்கே வேலியும் உண்டு, வாயிலில் கட்டணமும் உண்டு. அந்த வேலியைத் தாண்டியது 1878இல் தொடங்கிய வாசகர் வட்டம். கல்லூரி வாசல் மிதிக்காதவர்கள் வீட்டிலிருந்தே நான்காண்டு படிக்கும் திட்டம் அது. முதல் அணி 1882இல் படிப்பை முடித்தது. பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்றவர் வின்சென்ட். அவர் உருவாக்கிய இடத்திலேயே 1892இல் சூசன் பி. ஆந்தனி வாக்குரிமைக்காகப் பேசினார். கூட்டம், கூட்டியவரின் எல்லையைக் கடந்தது.

நமக்கும் ஒரு நீர்க்கரை உண்டு. 1927 மார்ச் 20 அன்று மகாத் மாநாட்டில் திரண்டவர்களோடு நடந்து சென்று, அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரைப் பருகினார். அங்கே கட்டணம் கொடுத்தால் கதவு திறந்தது; இங்கே எதைக் கொடுத்தாலும் நம்மவர்க்குத் திறக்காத கரை அது. தீண்டியதாகச் சொல்லிப் பிறகு அதற்குத் தீட்டுக் கழித்தார்கள்.

ஆகவே, கூடுவது மட்டும் போதாது. கூட்டத்துக்கு வர முடியாதவர் கைக்கு அதன் அறிவு போய்ச் சேர வேண்டும். ஐயாவின் நினைவில் பேசும் இவ்வுரையை அச்சிட்டுச் சேரிக்கு எடுத்துச் செல்வதும் அதற்காகத்தான்.