'வூட்ல சொல்லிட்டு வந்தியா?'... ஓ.எம்.ஆரை கடக்க 9 வினாடி வேண்டும்!

சென்னை: கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசனம் மனப்பாடம். "யோவ், வூட்ல சொல்லிட்டு வந்தியா?" பழைய மகாபலிபுரம் சாலையை கடக்கும்போது ஏதாவது ஒரு பைக்கோ வேனோ பக்கத்தில் வந்து பிரேக் போட்டு இப்படி கத்திவிட்டுப் போகும். திட்டு வாங்கியவர்கள் வீடு திரும்பினால் அன்றைக்கு நல்ல நாள்.

சாலையை கடக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. கடக்க வழி இல்லை என்பதுதான் பிரச்சினை.

கண்ணகி நகர் குடியிருப்பு 2000-ம் ஆண்டு முதல் கட்டப்பட்டது. கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் மற்ற இடங்களிலும் குடிசை போட்டு இருந்தவர்களை குடிசை மாற்று வாரியம் (2021-ல் இதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது) இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று ஜனம் பெருகியது. கண்ணகி நகர், எழில் நகரில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள்.

இதே காலத்தில்தான் பழைய மகாபலிபுரம் சாலையும் மாறியது. ஐ.டி. கம்பெனிகளுக்காக 6 வழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்டு 2008-ல் ராஜீவ் காந்தி சாலை ஆனது. கார் ஓட்டுகிறவர்களுக்கு ராஜபாட்டை. ஆனால் அந்த கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலைக்கும், அபார்ட்மென்டுகளில் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் நடந்தும் ஷேர் ஆட்டோவிலும் பஸ்சிலும்தான் போகிறார்கள்.

பஸ்சில் போகிறவர்கள் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இந்த சாலையை கடந்தே ஆக வேண்டும். போகும்போது இந்தப் பக்கம் ஏறினால் வரும்போது அந்தப் பக்கம் இறங்க வேண்டியிருக்கும். இதில் தப்பவே முடியாது.

கணக்கு போட்டுப் பாருங்க

ஒரு பக்கத்தில் 3 லேன். ஒரு லேன் 3.5 மீட்டர் என்று வைத்தால் பத்தரை மீட்டர். சாதாரண ஆள் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது சிக்னல் நேரத்தை நிர்ணயிக்க என்ஜினீயர்கள் எடுத்துக்கொள்ளும் கணக்கு. அப்படியானால் பாதி சாலையை கடக்கவே 9 வினாடி ஆகும். முழங்கால் வலி உள்ள பாட்டி என்றால் 13 வினாடி.

60 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த 9 வினாடியில் 150 மீட்டர் ஓடி வந்துவிடும். பாட்டியின் 13 வினாடியில் 200 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அதாவது கார் 150 மீட்டர் தள்ளி இருக்கும்போது காலை வைத்தால்தான் ஆளுக்கு பத்திரம். பீக் ஹவரில் ஓ.எம்.ஆரில் அவ்வளவு இடைவெளி எங்கே கிடைக்கிறது? அதனால்தான் ஒவ்வொரு லேனாக நின்று நின்று கடக்கிறார்கள். முன்னால் ஒரு வண்டி, முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி.

டிரைவர் பார்த்துவிட்டால் நிறுத்திவிடுவார் என்று பலரும் கையைக் காட்டிக்கொண்டே இறங்கிவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாந்து போகிறார்கள். ஆளைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒன்றரை வினாடி ஆகிவிடும். 60 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 25 மீட்டர் நகர்ந்திருக்கும். அதற்குப் பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 20 மீட்டர். மொத்தம் 45 மீட்டர். நல்ல டயர், காய்ந்த ரோடு இருந்தால்தான் இந்தக் கணக்கு. மழை பெய்தால் இன்னும் தள்ளித்தான் நிற்கும். அதே வண்டி 40 கி.மீ. வேகத்தில் வந்தால் சுமார் 26 மீட்டரில் நின்றுவிடும்.

வேகம் கூடினால் அடியும் கூடும். 50 கி.மீ. வேகத்தில் மோதும் காரைவிட 65 கி.மீ. வேகத்தில் மோதும் காரால் நடந்துபோகிறவர் சாகும் ஆபத்து நாலரை மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

இந்தியா முழுவதும் 2022-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இதில் 32 ஆயிரத்து 825 பேர் நடந்து போனவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

பஸ் நின்றால் நம்பாதீங்க

ஓரத்து லேனில் பஸ் நிற்கிறது, டிரைவர் 'போம்மா' என்று கையை அசைக்கிறார். அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் பஸ்சுக்கு அந்தப் பக்கம் வருகிற பைக்காரனுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், உங்களுக்கும் அவன் தெரிய மாட்டான். பஸ்சின் மூக்கைத் தாண்டும் இடத்தில் ஒரு நொடி நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். குழந்தையை கூட்டிப் போகிறவர்கள் கையைப் பிடிப்பதைவிட மணிக்கட்டைப் பிடிப்பது நல்லது. கை வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது.

'முதலில் வலது பக்கம் பார், அப்புறம் இடது பக்கம் பார்' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது இங்கே பாதிதான் உதவும். யூ-டர்ன் தூரமாக இருக்கிறது என்று ராங் சைடில் வருகிற பைக்குகள் ஏராளம். நடுத்திட்டைத் தாண்டினாலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. மெட்ரோ ரெயில் வேலைக்காக தகரத் தடுப்பு வைத்த இடங்களில் இன்னும் மோசம். தடுப்பு முடிகிற மூலையில் ஆள் வெளியே வரும் வரை யாருக்கும் தெரியாது.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கருநீல யூனிபார்மில் இருந்தால், டிம் லைட்டில் வரும் வண்டிக்காரருக்கு கிட்டே வந்த பிறகுதான் ஆள் இருப்பதே தெரியும். செல்போன் டார்ச்சை தரையைப் பார்த்து அடிக்காமல் வண்டி வரும் திசையில் காட்டினால் கொஞ்சம் முன்னாலேயே தெரியும்.

நடை மேம்பாலம் இருந்தும் ஏன் ஏறுவதில்லை?

லாரி, கன்டெய்னர் போக வேண்டும் என்பதற்காக நடை மேம்பாலத்தை தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்துக்கு தூக்கிவிடுகிறார்கள். 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும். லிப்ட் இல்லாத இடத்தில், அல்லது இருந்தும் ஓடாத இடத்தில், தண்ணீர் கேனும் மார்க்கெட் பையும் தூக்கி வருகிற பெண்ணை 'சோம்பேறி' என்று திட்டுவதில் நியாயம் இல்லை. ராத்திரியில் லைட் எரியாத பாலத்தில் ஏற பெண்கள் பயப்படுகிறார்கள். அதுவும் நியாயமான பயம்தான். தரையிலேயே சிக்னல் வைத்து வண்டியை நிறுத்துவதுதான் இந்த மாதிரி குடியிருப்பு வாசல்களில் சரிப்படும். அந்த சிக்னலில் பச்சை மனிதன் மின்ன ஆரம்பித்துவிட்டால் புதிதாக இறங்கக்கூடாது. பாதியில் இருப்பவர்கள் கடந்து முடிப்பதற்கான நேரம் அது.

சட்டம் யார் பக்கம்?

சிக்னல் இல்லாத வரிக்குதிரைக் கோட்டில் ஆள் கடந்தால் வண்டிதான் நிற்க வேண்டும் என்று 2017-ல் வந்த மத்திய அரசின் வாகன ஓட்டுதல் விதிகள் சொல்கின்றன. சென்னையில் 2023 நவம்பரில் போலீசார் வேக வரம்பை மாற்றி அமைத்தபோது கார்களுக்கு 60, பைக்குகளுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 கி.மீ. என்று அறிவித்தார்கள். அப்படியானால் 20 ஆயிரம் வீடுகளின் வாசலில் ஓடுகிற ஓ.எம்.ஆர். குடியிருப்புப் பகுதியா, இல்லையா? அங்கே இருப்பவர்கள் கேட்கிற கேள்வி இதுதான்.

சாலையை சரியான தரத்தில் அமைக்காததால் உயிர் போனால் காண்டிராக்டருக்கும், பொறுப்பான அதிகாரிகளுக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 2019 மோட்டார் வாகன திருத்த சட்டத்தில் இடம் இருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-ல் போட்ட பொதுநல வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, நடந்து போகிறவர்களுக்கான விதிகளை 6 மாதத்துக்குள் உருவாக்குமாறு மாநில அரசுகளுக்கு 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பெருநகரங்களில் நடைபாதை, சாலையைக் கடக்கும் இடங்களை ஆய்வு செய்யவும் சொன்னது.

கோடு அழிந்து போனது, தெரு விளக்கு எரியாதது பற்றி மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு சொல்லலாம். ஒரு ஆள் சொல்வதைவிட ஒரு பிளாக்கில் உள்ளவர்கள் மொத்தமாக, இடம், நேரம் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தால் பதில் கேட்க வசதி.

அடிபட்டால் என்ன செய்வது?

'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்று பயந்து யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவருக்கு சட்டப் பாதுகாப்பு உண்டு. 108-க்கு போன் செய்யலாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், இணைந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு காசு கேட்கக்கூடாது. ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டது, நம்பரும் தெரியவில்லை என்றாலும் விட்டுவிட வேண்டாம். 2022 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயம் என்றால் 50 ஆயிரம் ரூபாய் இழப்பீடு உண்டு. எப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி காகிதங்களோடு விபத்து நடந்த பகுதிக்கான வருவாய்த்துறை அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.