சுண்டும் விரலும் பதறாத மனமும்

வெளியூர்களில் நம்மவர் கூடும் இடங்களில் கேரம் பலகைக்கு என்றும் ஓர் இடமுண்டு. ரயில்வே குடியிருப்பின் மன்றமாயினும், சங்கக் கட்டடத்தின் மூலையாயினும், மாலை வேளையில் காய்கள் சிதறும் ஓசை கேட்கும். சுண்டாட்டம் என்று தமிழில் வழங்கும் இவ்வாட்டத்தை ஆடுவோர் பலர். நன்கு ஆடுவோர் சிலர். விரலில் வலுவில்லாமையே இதற்குக் காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். நாம் கண்ட அளவில் காரணம் அதுவன்று. தவறிப்போன அடியை மனத்தில் சுமந்துகொண்டே அடுத்த அடியை அடிக்கிறோம், அதுவே காரணம்.

முதலில் கையைக் கவனிப்போம். நிமிர்ந்து அமர்க. மற்ற விரல்களின் நுனி பலகையில் மெல்லப் படியட்டும். சுண்டும் விரலின் நகம் ஸ்டிரைக்கரை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். தொலைவிலிருந்து ஓங்கி அடித்தால் நகம் நோகும், திசையும் மாறும். கையால் தள்ளுவதோ ஆட்ட விதிக்கே முரணானது.

அடுத்தது குறி. குழியிலிருந்து காயின் நடுவழியே மனத்தில் ஒரு கோடு இழுத்தால், அக்கோடு காயின் மறுபுறத்தில் எவ்விடம் வெளிப்படுகிறதோ அவ்விடத்தில்தான் ஸ்டிரைக்கர் தொட வேண்டும். புதியவர்கள் ஸ்டிரைக்கரின் நடுவை அப்புள்ளிக்கே குறிவைக்கின்றனர். ஆனால் ஸ்டிரைக்கருக்கும் அகலமுண்டு. அது 4.13 செ.மீ. வரையும், காய் 3.18 செ.மீ. வரையும் இருக்கலாம். எனவே தொடும் நேரத்தில் ஸ்டிரைக்கரின் நடு, காயின் நடுவிலிருந்து ஏறக்குறைய 3.6 செ.மீ. பின்னே, அதே கோட்டின்மேல் இருத்தல் வேண்டும். அவ்விடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு சுண்டினால் பாதி வெற்றி.

மறு பாதி வேகத்தைப் பொறுத்தது. குழியின் அகலம் 4.45 செ.மீ.; காய்க்குக் கிடைக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றேகால் செ.மீ. மட்டுமே. மெல்ல வரும் காய் குழியின் விளிம்பைத் தொட்டாலும் உள்ளே சரிந்துவிடக் கூடும்; வேகமாய் வரும் காய் மரச்சட்டத்தில் மோதித் திரும்பிவிடும். ஆதலின் காயைக் குழிவரை கொண்டுசெல்லப் போதுமான வேகத்துக்குச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும்.

எக்காயை முதலில் போடுவது என்பதிலும் நிதானம் தேவை. குழிவாயில் நிற்கும் நம் காய் எங்கும் ஓடிவிடாது. எதிராளிக்குத் தடையாகவும் நிற்கும். கடினமானவற்றை முதலில் முடிப்பதே முறை. சிவப்பைப் போடுமுன், அதைத் தொடர்ந்து போடுதற்கு நம் காய் ஒன்று ஏற்ற இடத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். 25 புள்ளி ஆட்டத்தில் 22-ஐ எட்டிவிட்டவருக்குச் சிவப்பின் 3 புள்ளிகள் சேரா; அதன் பிறகும் புள்ளிக்காக அதைத் துரத்துவது வீண்.

இனி மனம். ஸ்டிரைக்கரே குழியில் விழுந்து ஒரு காயைத் திரும்ப வைக்க நேர்ந்தால், சிலர் அடுத்த முறை வந்தவுடன் அவசரமாகச் சுண்டுகின்றனர். அவ்வாறன்றி, கையைப் பலகையிலிருந்து முற்றும் எடுத்துவிடுக. மூச்சொன்றை நிதானமாக விடுக. பலகை முழுவதையும் புதிதாகப் பார்த்து, அடியை முடிவு செய்த பின்னரே ஸ்டிரைக்கரைத் தொடுக. விரலை மடக்கிய பின் ஐயம் தோன்றினால் சுண்டாமல் கையை விலக்கிக்கொள்வதில் இழுக்கில்லை. பதறாத காரியம் சிதறாது.

இணை ஆட்டத்தில் இப்பொறுப்பு இரட்டிப்பாகிறது. சென்ற ஆண்டுப் போட்டியொன்றில் ஒரு தந்தையும் அவருடைய 12 வயது மகனும் எதிரெதிரே அமர்ந்து இணையாக ஆடக் கண்டோம். சிறுவன் அழகாகச் சிவப்பைப் போட்டான். தொடர்ந்து போட வேண்டிய காய் தவறிவிட்டது. தந்தை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ‘ச்சு’ என்று மட்டும் ஒலித்தார். அதன் பிறகு சிறுவனின் கண்கள் காயைப் பார்க்கவில்லை. தந்தையின் முகத்தையே பார்த்தன. ஆட்டம் தோற்றது. அடுத்த மாதமுதல் அவனைச் சங்கத்தில் காணோம். வீட்டுக்கு வெளியே அவன் தமிழ் பேசிவந்த ஒரே இடம் அந்தப் பலகையடிதான். ஓர் ஆட்டத்தை இழந்தால் அடுத்த வாரம் மீட்கலாம். இவ்விழப்பை எவ்வாறு மீட்பது?

இவ்வாட்டத்தில் நம்மவர் எட்டிய உயரம் சிறிதன்று. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் சென்னையில்தான் தோன்றியது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்றார். 2008-இல் இளவழகி உலக வாகை சூடினார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் காஸிமா மூன்று தங்கம் பெற்றார். பின்னிருவரும் எளிய உழைப்பாளர் குடும்பத்துப் பெண்கள். ஆகவே, பெண் குழந்தைகளைப் பார்வையாளராக மட்டும் அமர்த்திவைக்கும் வழக்கத்தையும் நாம் விட்டொழிக்க வேண்டும்.

நாள்தோறும் அரைமணி நேரம், ஒரே காயை ஒரே இடத்தில் வைத்துப் பழகினால் விரல் தானே பணியும். மனம் பணிவதற்கு நாள் கூடுதலாகும். அதுவரை, எதிரே அமர்ந்திருக்கும் சிறுவனோ சிறுமியோ காயைத் தவறவிடும்போது, “பரவாயில்லை, அடுத்ததைப் பார்” என்று சொல்லப் பழகுவோம்.