கடைசி மில்லிகிராம்கள்

ஹெரோயினுக்குப் பதிலாக வைத்தியர்கள் வழங்கும் மெதடோன், புப்ரெனோர்பின் ஆகிய மருந்துகளும் அபினியின் குடும்பத்தைச் சேர்ந்தவையே என்பதால், அவற்றைத் திடீரென நிறுத்துபவரின் உடலும் துன்புறவே செய்யும். நியூயோர்க்கில் வின்சென்ட் டோலும் மரி நைஸ்வாண்டரும் 1965இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த இம்மாற்று மருந்துச் சிகிச்சை, 2005இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றபோதிலும், தங்கவைத்து நச்சு நீக்கும் முறையையே நெடுங்காலம் நம்பியிருந்த இலங்கையில் பரவலாக வேரூன்றவில்லை. ஆகவே, இலண்டனிலோ டொரொன்டோவிலோ மெதடோன் பெற்றுவரும் ஒருவர் மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதிக்குத் திரும்ப விரும்பினால், பயணத்துக்கு வெகு முன்னரே தம் வைத்தியருடன் திட்டமிடுவதும், சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட அம்மருந்தைக் கொண்டுவர அனுமதி உண்டா என விசாரிப்பதும் இன்றியமையாதவை.

மூளையின் ஏற்பிகள், அதாவது மருந்து சென்று பொருந்தும் இடங்கள், பல மாதங்கள் நிரம்பியிருந்து வெறுமையாகும்போது, அதுவரை அடங்கியிருந்த நோரட்ரெனலின் என்னும் இரசாயனம் மிகுந்து சுரக்கிறது. கண்ணீர், மூக்கொழுகல், கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல், வயிற்றோட்டம், கால் உளைவு, உறக்கமின்மை என வெளிப்படும் இவ்வறிகுறிகள், தொடக்கத்தில் வெறும் தடிமன் காய்ச்சலாகவே தோன்றக்கூடும். ஹெரோயினை நிறுத்தியவருக்கு 8 முதல் 24 மணிநேரத்தில் தொடங்கி 4 முதல் 10 நாட்களில் தணியும் இத்துன்பம், மெதடோனை நிறுத்தியவருக்கு 12 முதல் 48 மணிநேரத்தில் தொடங்கி 10 முதல் 20 நாட்கள் வரை நீடிக்கலாம்.

இதனாலேயே வைத்தியர்கள் அளவைச் சிறிது சிறிதாக, பெரும்பாலும் பல மாதங்களில், குறைக்கின்றனர். இதில் குடும்பத்தினர் எதிர்பாராத ஒன்று உண்டு. புப்ரெனோர்பின் 16 மில்லிகிராம் ஏற்பிகளில் ஏறத்தாழ 80 வீதத்தை நிரப்ப, வெறும் 2 மில்லிகிராமே ஏறத்தாழ 40 வீதத்தை நிரப்புவதாக ஆய்வொன்று காட்டியுள்ளது. எனவே 16இலிருந்து 2 வரை இறங்குவதில் இழக்கப்படும் அளவு ஏற்பிகள், 2இலிருந்து பூச்சியத்துக்கு வரும் அந்தச் சிறு தூரத்திலும் இழக்கப்படுகின்றன. இறுதிப் படிகளில் தடுமாறுபவரை மனவலிமையற்றவரெனப் பழிப்பது அறியாமையே. அவ்வேளையில் முந்தைய அளவுக்குத் திரும்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. கர்ப்பிணிகளுக்கோ பொதுவாக இக்குறைப்புப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

வயிற்றோட்டத்தால் நீர் வற்றாதிருக்க ஜீவனிக் கரைசலும், படபடப்பைத் தணிக்கக் குளோனிடினும் உதவுகின்றன; ஆனால் பிந்தையது இரத்த அழுத்தத்தை வீழ்த்தக்கூடுமாதலால் வைத்தியரின் கண்காணிப்பின்றி உட்கொள்ளத் தகாதது. ஆரையம்பதியிலிருந்து காத்தான்குடி வழியே சிறு தொலைவிலுள்ள மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். போதைப்பொருள் பாவனையாளருக்கான கந்தக்காட்டுப் புனர்வாழ்வு முகாமிலிருந்து 2022இல் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய பின்னரும், அடைத்துவைத்தலையே சிகிச்சையெனக் கருதும் எண்ணம் இந்நாட்டில் மறையவில்லை.

மருந்து முற்றாக நின்றபின் உடலின் தாங்குதிறன் குன்றிவிடுவதால், முன்பு பழகிய அளவு ஹெரோயினே மூச்சை நிறுத்திவிடக்கூடும். ஹெரோயினையும் மெதடோனையும் முறிக்கும் நலோக்சோனின் ஆற்றல் 30 முதல் 90 நிமிடங்களில் தணிந்துவிட, மெதடோனோ அதன் பின்னரும் பல மணிநேரம் உடலில் நிற்பதால், ஊசிக்குப் பின் கண் விழித்தவரையும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.