பீப்பாய்களில் வந்த நஞ்சு

நைஜீரியா நாட்டின் தென்பகுதியில், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டிக் கோகோ என்னும் சிறிய துறைமுக ஊர் உள்ளது. 1987ஆம் ஆண்டில் அவ்வூருக்கு இத்தாலியிலிருந்து சரக்குக் கப்பல்கள் வரத் தொடங்கின. அவை இரும்புப் பீப்பாய்களை இறக்கிச் சென்றன. அவற்றை அடுக்கி வைக்க ஊரிலிருந்த முதியவர் ஒருவர் தம் வீட்டையொட்டிய நிலத்தை மாதம் ஏறத்தாழ நூறு டாலர் வாடகைக்குக் கொடுத்தார். பீப்பாய்களுக்குள் இருப்பவை கட்டுமானத் தொழிலுக்குரிய பொருள்கள் என்று சொல்லப்பட்டது. அதை நம்பாதிருக்க அவருக்குக் காரணம் ஏதுமில்லை.

மாதங்கள் சென்றன. பீப்பாய்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகியது. வெப்பமண்டல வெயிலில் சில பீப்பாய்கள் உப்பின. சில துருப்பிடித்துக் கசிந்தன. காரமான நெடி தெருவெங்கும் பரவியது. சிலர் பீப்பாய்களைக் கவிழ்த்து, உள்ளே இருந்தவற்றை நிலத்தில் கொட்டிவிட்டு, வெற்றுக்கலங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று குடிநீர் நிரப்பி வைத்தனர். அறியாமை என்று இதனைக் கூறிவிட்டுக் கடந்து செல்லலாகாது. இரும்புக்கலம் ஒன்று இலவசமாகக் கிடைக்குமானால், குழாய்நீர் இல்லாத எந்த ஊரும் அதைத்தான் செய்யும். பீப்பாயில் என்ன இருந்தது என்பதை அறிந்தவர் அதனை அனுப்பியவர். அறியும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர் அதனைப் பெற்றவர்.

1988ஆம் ஆண்டில் செய்தி வெளிவந்தது. இத்தாலியில் பயின்றுகொண்டிருந்த நைஜீரிய மாணவர்கள், அங்குள்ள நாளிதழ்களில் கழிவு ஏற்றுமதி பற்றிப் படித்துத் தம் நாட்டு இதழ்களுக்கு எழுதினர். அவர்களுள் பலர் உங்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்களாக இருந்திருப்பர். கோகோவுக்கு ஆய்வாளர்கள் சென்றனர். பீப்பாய்களில் பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல் உள்ளிட்ட நச்சு வேதிக்கழிவுகள் இருந்தமை தெரியவந்தது.

அழியாத வேதிப்பொருள்

பி.சி.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இப்பொருள், மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் காப்பு எண்ணெயாகப் பல்லாண்டுகள் பயன்பட்டது. வெப்பத்தால் எளிதில் சிதையாது, மின்சாரத்தைக் கடத்தாது. இப்பண்புகளுக்காகவே தொழிலகங்கள் அதனை விரும்பின. மண்ணில் கலந்தபின் அதே பண்பு தீங்காகிறது. நுண்ணுயிரிகளால் அதனை எளிதில் சிதைக்க இயலாது. கொழுப்பில் கரைவதால் உயிரினங்களின் உடலிலேயே தங்கிவிடுகிறது. நீரில் மிகச் சிறிதளவே இருப்பினும், சிறுமீனில் சற்றுக் கூடுதலாகவும், அதனை உண்ணும் பெருமீனில் அதனினும் கூடுதலாகவும் சேர்ந்து, இறுதியில் மீனை உண்ணும் மனிதரின் உடலை அடைகிறது. இதனை உயிரியல் உருப்பெருக்கம் என்பர். குறைந்த வெப்பத்தில் எரித்தாலோ டையாக்சின், ஃபியூரான் என்னும் கொடிய நச்சுகள் உண்டாகின்றன. ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், தனியே அமைக்கப்பட்ட உலைகளில்தான் அதனை எரித்து அழிக்க இயலும்.

அத்தகைய உலைகளுக்குச் செலவு மிகுதி. 1970களிலும் 1980களிலும் மேலை நாடுகளில் சுற்றுச்சூழல் சட்டங்கள் இறுகின. தம் ஊருக்கு அருகே கழிவுக்கிடங்கு அமைவதை அந்நாட்டு மக்களும் எதிர்த்தனர். அதனால் கழிவு குறைந்துவிடவில்லை; கப்பலேறியது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் நாட்டுக்கு, டன் ஒன்றுக்கு 40 டாலர் வீதம் கழிவை ஏற்க ஒப்பந்தம் ஒன்று நீட்டப்பட்டது. அதன்வழிக் கிடைக்கவிருந்த மொத்தத் தொகை, அந்நாட்டின் ஓராண்டு தேசிய வருமானத்தைவிடப் பெரிது. எதிர்ப்பு எழுந்தபின் அந்நாடு பின்வாங்கியது. கடனில் மூழ்கிய ஓர் அரசு அத்தகைய தொகையை வேண்டாம் எனச் சொல்வது எளிதன்று என்பதையும் நாம் மறக்கலாகாது.

திரும்பிச் சென்ற கப்பல்

கோகோ செய்தி வெளியானதும் நைஜீரிய மக்களிடையே சினம் மூண்டது. அரசு இத்தாலியக் கப்பல் ஒன்றைத் தடுத்து வைத்தது. இத்தாலியிலிருந்த தன் தூதரைத் திரும்ப அழைத்தது. கழிவை இத்தாலியே எடுத்துச் செல்ல வேண்டும் என்பதில் உறுதியாக நின்றது. தீங்கு விளைவிக்கும் கழிவை நாட்டுக்குள் கொண்டுவருவோருக்கு ஆயுள் தண்டனை விதிக்கும் ஆணையும் அவ்வாண்டே பிறந்தது.

கேரின் பி என்னும் கப்பல், கழிவின் ஒரு பகுதியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஸ்பெயின், பிரான்சு, பிரிட்டன் எனப் பல நாடுகள் அதற்குத் துறைமுகம் தர மறுத்தன. கழிவு பிறந்த இத்தாலியிலும் துறைமுக நகர மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். கோகோவின் வீட்டுக்கொல்லையில் மாதக்கணக்கில் கிடந்த பீப்பாய்களைத் தம் கரையில் ஒருநாள் வைக்கவும் ஐரோப்பாவில் எவரும் ஒப்பவில்லை. பல வாரங்கள் கடலில் அலைந்தபின்னரே அக்கப்பல் இத்தாலியக் கரையை அடைந்தது.

இந்நிகழ்வும் இதனையொத்த பிறவும் உலக நாடுகளைப் பேச வைத்தன. 1989ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் தீங்குறு கழிவுகளின் எல்லை கடந்த போக்குவரத்தை நெறிப்படுத்தும் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. கழிவைப் பெறும் நாட்டுக்கு முன்கூட்டியே எழுத்துவழித் தெரிவித்து அதன் இசைவைப் பெற வேண்டும். முறைகேடாக அனுப்பிய கழிவை அனுப்பிய நாடே திரும்பப் பெற வேண்டும் என்பன அதன் அடிப்படை விதிகள். 1992ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இவ்வுடன்படிக்கையை அவ்வாண்டே இந்தியாவும் ஏற்றது. இசைவு மட்டும் போதாது எனக் கருதிய ஆப்பிரிக்க நாடுகள், தம் கண்டத்துக்குள் தீங்குறு கழிவு இறக்குமதியையே தடைசெய்யும் பமாக்கோ உடன்படிக்கையை 1991ஆம் ஆண்டில் உருவாக்கின. ஆப்பிரிக்கர் கேட்டதே நியாயம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வறுமையில் தரும் இசைவை முழுமையான இசைவாகக் கொள்ள இயலாது.

வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளுக்குத் தீங்குறு கழிவை அனுப்புவதைத் தடுக்கும் பேசல் திருத்தம் 1995ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. அது நடைமுறைக்கு வர 2019ஆம் ஆண்டு திசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையே கழிவு தன் பெயரை மாற்றிக்கொண்டது. ‘மறுசுழற்சிப் பொருள்’ என்னும் பெயரில் அது பயணம் செய்யக் கற்றுக்கொண்டது. பிரிட்டனிலிருந்து பழைய மெத்தைகள், தரைவிரிப்புகள் என்ற பெயரில் இலங்கைக்கு வந்த கொள்கலன்களில் மருத்துவக் கழிவுகளும் காணப்பட்டன. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2022ஆம் ஆண்டுக்குள் அக்கொள்கலன்கள் அனைத்தும் கட்டம் கட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்டன.

கொடைக்கானல்

கழிவு மட்டுமன்றிக் கழிவை உண்டாக்கும் தொழிலகமே இடம்பெயர்வதும் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. வெப்பமானிகளுக்குத் தேவையான பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்த வெப்பமானிகள் வெளிநாட்டுக்குச் சென்றன. உடைந்த கண்ணாடியும் அதில் ஒட்டிய பாதரசமும் மலையில் தங்கின.

2001ஆம் ஆண்டு மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த பழைய பொருள் கிடங்கு ஒன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு குவிந்து கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினர். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003ஆம் ஆண்டில் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. இந்தியாவிலிருந்து நச்சுக்கழிவு வளர்ந்த நாட்டுக்குத் திரும்பிச் சென்ற அரிய நிகழ்வு அது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது 2016ஆம் ஆண்டில்தான்.

பீப்பாய்களில் அடைத்த கழிவைக் கப்பலில் ஏற்றிவிடலாம். தொழிற்சாலை வளாகத்து மண்ணில் கலந்த பாதரசத்தை அவ்வாறு ஏற்ற இயலவில்லை. அம்மண்ணை எந்த அளவுக்குத் தூய்மை செய்ய வேண்டும் என்பதில் நிறுவனத்துக்கும் மக்களுக்கும் இடையே பல்லாண்டுகள் வழக்காடல் நீடித்தது. பாதரசத்தை ஓர் அளவு வரை மண்ணில் விட்டுவைக்கலாம் என்றது ஒரு தரப்பு. அவ்வளாகத்துக்குக் கீழே பாம்பாறு சோலை இருக்கிறது என்றனர் ஊரார்.