முகமூடிக்குள் ஒரு பெண்

ஜப்பானியப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடும் நாயகன் 'காமென் ரைடர்'. வெட்டுக்கிளி முகமூடி, மோட்டார் சைக்கிள், எகிறிக் குதித்து விடும் உதை! ஓவியக்கதைக் கலைஞர் இஷினோமோரி ஷோத்தாரோ படைத்த இந்த நாயகனின் தொலைக்காட்சித் தொடர் 1971இல் தொடங்கியது. அடுத்தடுத்துப் பல ரைடர்கள் வந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள்.

1975இல் 'டாக்கிள்' வந்தாள். பொறிவண்டு வேடத்தில் நாயகனுக்குத் தோள்கொடுத்துப் போராடி, உயிரையும் விட்டாள். ஆனாலும் ரைடர் என்ற பட்டம் மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதில் என்ன கஞ்சத்தனமோ!

அந்தப் பட்டம் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது வெள்ளித்திரையில். 2002 ஆகஸ்டில் வெளியான 'காமென் ரைடர் ரியூகி' திரைப்படத்தில், நடிகை காத்தோ நாத்சுகி ஏற்ற பாத்திரம் 'ஃபாம்'. அன்னப்பறவையை நினைவூட்டும் வெள்ளைக் கவசம். ஆனால் உள்ளே இருப்பவள் உத்தமி அல்ல. ஊரை ஏமாற்றிப் பிழைக்கும் மோசடிக்காரி. கொலையுண்ட அக்காவை உயிர்ப்பிக்க வேண்டும், கொன்றவனைப் பழிதீர்க்க வேண்டும் என்பதே அவள் வெறி. நாயகனுக்கு ஜோடியாக வந்துபோகாமல், தனக்கென ஒரு கணக்கோடு களமிறங்கியவள் என்பதுதான் இந்தப் பாத்திரத்தின் சிறப்பு.

அவளும் படம் முடியுமுன் இறந்துபோகிறாள். தொலைக்காட்சியில் தொடக்கம் முதலே முதன்மை ரைடர்களில் ஒருவராக ஒரு பெண் நிற்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'ஜீரோ-ஒன்' தொடரின் 'வால்கிரி'தான் அவர். நடித்தவர் இகேத்தா ஹிரோயே.