வேர்முடிச்சும் புரதங்களின் ஆட்சியும்

மன்னார்ப் பெருநிலக் கரையிலே, அரிப்புக்குத் தெற்கே அமைந்தது சிலாவத்துறை. முத்துக்குளிப்பினாற் பெயர்பெற்ற ஊர் அது. தன்னகத்தே புகுந்த அயற்பொருளைச் சிப்பி முத்தாக்குவதைக் கடலில் வியக்கும் நாம், கரையில் வளரும் பயற்றஞ்செடியின் வேரை நோக்குவதில்லை. அங்கும் ஓர் அயல் உயிர் புகுகின்றது. செடி அதனை விருந்தாக ஏற்று, ஊதியமும் பெறுகின்றது.

வளிமண்டலத்தில் ஏறத்தாழ 78 சதவீதம் நைதரசனே. ஆயினும் பயிர் அதனை நேரே உண்ணமாட்டாது. அவரையினச் செடிகள் வேர்முடிச்சிலுள்ள பற்றீரியாவின் துணையால் அதனைப் பெறுகின்றன என்பதைச் செருமனி நாட்டு ஹெல்றீகல், வில்ஃபார்த் என்போர் 1888இல் விரிவாக நிறுவினர். அவ்வாண்டிலேயே ஒல்லாந்தரான பைஜரிங்க் அப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார்.

இவ்வுறவு தொடங்குவது எங்ஙனம்? நைதரசன் குறைந்தபோது வேரானது பிளேவனொயிட்டு என்னும் பொருள்களைக் கசியவிடுகின்றது. அவற்றை உணர்ந்த பற்றீரியா வேறொரு பொருளை விடையாக அனுப்புகின்றது. வேர்மயிரின் மேலுறையிலுள்ள ஏற்பிப் புரதங்கள் அவ்விடையைச் சோதிக்கின்றன. பூட்டுக்குரிய திறவுகோல் போன்று அது பொருந்தினாலன்றி வாயில் திறவாது. பொருந்தியவிடத்துக் கலக்கருவிலே கல்சியத்தின் அளவு விட்டுவிட்டு ஏறி இறங்கும். அத்துடிப்பை வேறொரு புரதம் உணர்ந்து, முடிச்சை ஆக்கும் பரம்பரையலகுகளைத் தொழிற்படுத்தும்.

முடிச்சுகள் பெருகப்பெருகச் செடியும் செழிக்கும் என்று எண்ணுதல் கூடாது. ஒரு நைதரசன் மூலக்கூற்றை அமோனியாவாக்க ஏ.ரீ.பி. என்னும் சத்தி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. அச்சத்திக்கு வேண்டிய வெல்லத்தை இலைகளே தேடித் தரவேண்டும். ஆகவே செடி தன் செலவைக் கணக்கிடுகின்றது. முதல் முடிச்சுகள் தோன்றியதும் வேர் சிறிய புரதத்துண்டுகளை மேலே அனுப்புகின்றது. இலையிலுள்ள ஏற்பிப் புரதம் அவற்றை அறிந்ததும், அங்கிருந்து வேருக்குச் செல்லும் ஒரு நுண் ஆர்.என்.ஏ. குறைகின்றது; அதனால் இதுகாறும் அடங்கியிருந்த தடைப்புரதம் வேரிலே மிகுந்து, புதிய முடிச்சுகளைத் தடுக்கின்றது. 1985இல் அவுஸ்திரேலிய அறிஞர் இவ்வாட்சி குன்றிய சோயாச் செடிகளை ஆக்கினர். அவற்றின் வேரிற் பன்மடங்கு முடிச்சுகள் திரண்டன. செடிகளோ வளர்ச்சி குறைந்தன. வரவறியாது செலவிட்ட குடும்பத்தின் நிலை இதுவன்றோ!

முடிச்சினுள்ளே மற்றொரு காவலும் உண்டு. நைதரசனைப் பிணைக்கும் நொதியத்தை ஒட்சிசன் கெடுக்கும். பற்றீரியா சுவாசிக்கவோ ஒட்சிசன் வேண்டும். இம்முரணைத் தீர்ப்பது லெக்ஈமோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம். பூக்கும் பருவத்திற் செடியொன்றைக் கெல்லி முடிச்சைப் பிளந்து பாருங்கள். உள்ளே செந்நிறமாயின் அது தொழிற்படுகின்றது. பச்சை நிறமாயின் அதன் காலம் கழிந்தது.

இவ்வறிவு ஏட்டோடு நிற்பதன்று. 1990 ஒற்றோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது சிலாவத்துறையாரும் தம் மண்ணை இழந்தனர். 2009இற் போர் முடிந்தபின் மீண்டோர் காடு மண்டிய காணிகளைத் திருத்த வேண்டியவராயினர். 2021 மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் அத்தடை நீங்கிற்றாயினும், யூரியாவின் அருமையை உழவர் யாவரும் உணர்ந்தனர்.

இத்தகையோருக்கு வேர்முடிச்சு கூறும் பாடம் மூன்று. மண்ணில் நைத்திரேற்று மிகுந்தால் செடி தானே முடிச்சாக்கத்தை அடக்கும். ஆதலாற் பயற்றுக்கும் கௌபிக்கும் யூரியாவை வாரி இறைத்தல் வீண். பயறு, கௌபி, கச்சான் என்பன மண்ணில் இயல்பாயுள்ள பற்றீரியாவோடு பெரும்பாலும் இணங்கும். சோயாவுக்கோ அதற்குரிய பற்றீரியாவை விதையோடு சேர்த்தல் வேண்டும். கரையோரத்து உவர் முடிச்சாக்கத்தைக் கெடுக்கும். ஆகவே உவரற்ற நிலத்தைத் தேர்தல் நன்று. ஆயினும் நெல்லின் பசளைத் தேவை முழுவதையும் பயறு தீர்க்கும் என்பது மிகைக் கூற்று. மணியில் ஏறிய நைதரசன் அறுவடையோடு வயலை விட்டகலும். கொடியையும் வேரையும் மண்ணிலே மடக்கி உழுதாலே நிலத்துக்குப் பங்கு கிட்டும்.

விருந்தை ஏற்றல், அளவறிதல், காத்தல் ஆகிய மூன்றையும் புரதங்கள் வாயிலாகச் செடி நடத்துகின்றது. நம் கல்லூரி மாணவர் இதனைப் பரீட்சைக்கு மட்டும் கற்றமையாது, தத்தம் ஊர் வயல்களிற் செடியைக் கெல்லிப் பார்த்து, கண்டதை உழவரோடு பகிர்வாராக. கற்ற கல்வி அப்பொழுதே நிலத்துக்குப் பயன்படும்.