பீடபூமியில் ஒரு பவழக்கடல்

இல்லங்களில் கடல்மீன் தொட்டி அமைப்பதில் மக்களுக்கு ஆர்வம் பெருகி வருகிறது. நல்ல வெளிச்சத்தில், தெளிந்த நீரில், செம்மஞ்சள் நிறக் கோமாளி மீன்கள் நீந்தும் காட்சி எவரையும் கவரக் கூடியதே. ஆயினும் பார்வையாளர் காணும் இக்காட்சி முழு ஏற்பாட்டில் ஒரு பாதியேயாகும். மற்றொரு பாதி தொட்டியின் கீழே, மரப்பெட்டியின் கதவுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. மேலே உள்ள உயிர்கள் பிழைப்பதும் மடிவதும் அம்மறைவிடத்தில் நிகழும் வேலையைப் பொறுத்தவை.

புனே போன்ற ஒரு நகரில் இவ்வுண்மை மேலும் தெளிவாகப் புலப்படும். இந்நகரம் கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியில், முளா, முட்டா ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்துள்ளது. மும்பைக் கடற்கரை இங்கிருந்து நேர்த்தொலைவில் சுமார் 120 கிலோமீட்டர். எனவே இங்கே கடல்நீர், அதன் வெப்பநிலை, அதன் ஓட்டம், அதன் தூய்மை ஆகிய யாவற்றையும் மனிதன் தன் முயற்சியாலேயே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

முன்னோடிகள்

கடலுயிர்களை உள்நாட்டு வீடொன்றில் வளர்க்கும் முயற்சி புதியதன்று. 1846-ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, டார்க்கீ கடற்கரையில் சேகரித்த கல்பவழ உயிர்களை ஒரு சாடியில் இட்டு இலண்டனிலிருந்த தம் இல்லத்திற்குக் கொணர்ந்தார். நீரில் பிராணவாயு குறையாதிருக்கும் பொருட்டு, பணிப்பெண் ஒருத்தி திறந்த சன்னலருகே நின்று, அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிமாறி ஊற்றி வந்தாள். இன்று மின்சாரப் பம்பு செய்யும் வேலையை அன்று அவளுடைய கைகள் செய்தன. 1850-இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், மீனும் நீர்த்தாவரமும் ஒன்றின் கழிவை மற்றொன்று பயன்படுத்தி ஒரே தொட்டியில் வாழக்கூடும் என்பதை எடுத்துக்காட்டினார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்கள் பார்வைக்கென மீன் காட்சியகம் திறக்கப்பெற்றது.

நம் நாட்டில் சென்னை மெரினாக் கடற்கரையில் 1909-இல் ஒரு மீன் காட்சியகம் நிறுவப்பெற்றுப் பெரும்புகழ் எய்தியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. மும்பையில் தாராபூர்வாலா மீன் காட்சியகம் 1951-இல் திறக்கப்பெற்றது. இவ்விரண்டும் கடலின் ஓரத்திலேயே அமைந்தவை. புனேயில் உள்ள இல்லத்தார்க்கு அந்த வாய்ப்பு இல்லை.

கடல்நீர் தயாரித்தல்

ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. இவற்றில் முக்காற்பங்கிற்குச் சற்று மேற்பட்டது நாம் சமையலில் இடும் சோடியம் குளோரைடு. எஞ்சியதில் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் முதலியன அடங்கும். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த 'சாலெஞ்சர்' கப்பல் கொணர்ந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்தாராய்ந்தார். கடலுக்குக் கடல் உப்பின் மொத்த அளவு வேறுபட்டாலும், முக்கிய உப்புகள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் அநேகமாக மாறுவதில்லை என்பதை அவர் 1884-இல் வெளியிட்டார். செயற்கைக் கடல்நீர் தயாரிப்பதற்கு இவ்வுண்மையே ஆதாரம். சமையலுப்பை மட்டும் கரைத்த நீரில் கடல்மீன் வாழாது. இதற்கெனத் தகுந்த விகிதத்தில் கலந்து விற்கப்படும் உப்புக் கலவையையே பயன்படுத்தல் வேண்டும்.

180 சென்டிமீட்டர் நீளமும், 60 சென்டிமீட்டர் அகலமும், 60 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தொட்டியொன்றை எடுத்துக்கொள்வோம். கற்கள் அடைக்கும் இடம் போக, இதில் ஏறத்தாழ 550 லிட்டர் நீர் நிற்கும். கீழே மறைவிலுள்ள தொட்டியின் 150 லிட்டரையும் சேர்த்தால் மொத்தம் 700 லிட்டர். இதற்கு வேண்டிய உப்பு சுமார் இருபத்தைந்து கிலோகிராம் ஆகும்.

புனே நகரத்திற்குக் கடக்வாஸ்லா முதலிய அணைகளிலிருந்து நீர் கிடைக்கிறது. குடிநீராகச் சுத்திகரிக்கையில் சேர்க்கப்படும் குளோரின், மனிதருக்குத் தீங்கு பயவாத அளவிலேயே இருப்பினும், மீன்களின் செவுள்களுக்கு நஞ்சாகும். ஆகவே குழாய்நீரை ஆர்.ஓ. கருவியிலும், பின்னர் அயனிகளை நீக்கும் பிசின் வடிகட்டியிலும் செலுத்தித் தூய்மை செய்தபின்னரே உப்புக் கலவையைச் சேர்த்தல் நலம்.

தொட்டியிலிருந்து நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. எனவே குறைந்த அளவை ஈடுசெய்ய உப்புநீரை ஊற்றினால், நாளடைவில் உப்பு மிகுந்துவிடும். ஈடு செய்வதற்குத் தூய நீரே தகுந்தது. புனேயில் கோடைக்காலக் காற்று மிக வறண்டது. ஆதலால் இப்பணியை ஒருநாளும் புறக்கணித்தல் ஆகாது.

தளத்தின் வலிமை

உபகரணங்களைப் பற்றிச் சிந்திக்கும் முன்னர் எடையைப் பற்றிச் சிந்திப்பது அவசியம். மேற்கூறிய தொட்டியில் நீர் மட்டும் 560 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி ஏறக்குறைய 120 கிலோகிராம். கற்கள், கீழ்த்தொட்டி, அதன் நீர், மரப்பெட்டி எல்லாம் சேர்ந்து மொத்த எடை 1000 கிலோகிராமை எட்டும். இவ்வளவும் ஒரு சதுர மீட்டரைச் சற்றே கடந்த பரப்பில் அமர்கிறது. குடியிருப்பு அறைகளின் தளம் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம் சுமையைக் கணக்கிட்டே வடிவமைக்கப்படுகிறது. அச்சுமை அறை முழுவதும் பரவியிருக்கும் எனக் கொண்டு கணக்கிடப்பட்டதாயினும், அடுக்குமாடிக் கட்டடத்தில் வாழ்வோர் கட்டட அமைப்புப் பொறியாளரின் யோசனையைப் பெறாமல் இத்தகைய தொட்டியை நிறுவுதல் கூடாது. உத்திரம் செல்லும் சுவரோரம் பொதுவாக ஏற்ற இடமாகும்.

மறைவிலுள்ள சுத்திகரிப்பு

தொட்டியின் ஒரு மூலையில், பின்னணியின் நிறத்திலேயே, குறுகிய பெட்டியொன்று அமைக்கப்படுகிறது. நீரின் மேல்மட்டம் இதன் விளிம்பைத் தாண்டி உள்ளே வழிகிறது. நீர்ப்பரப்பில் படரும் எண்ணெய்ப் பசையும் தூசும் இவ்வாறு முதலில் அகற்றப்படுகின்றன. வழிந்த நீர் குழாய் வழியாக மரப்பெட்டிக்குள் உள்ள அடித்தொட்டியை அடைகிறது. அடித்தொட்டி தடுப்புகளால் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

முதல் அறையில் துணிப்பை ஒன்று மீன்களின் கழிவையும் எஞ்சிய உணவையும் பிடித்து வைக்கிறது. இப்பையை வாரம் இருமுறையேனும் கழுவ வேண்டும். இன்றேல் பிடிபட்ட அழுக்கு அங்கேயே அழுகி நீரைக் கெடுக்கும்.

இரண்டாம் அறையில் நுரை பிரிக்கும் கருவி நிற்கிறது. கடற்கரையில் அலை மோதும்போது நுரை திரள்வதை யாவரும் கண்டிருப்பர். நீரில் கரைந்துள்ள புரதம் முதலிய பொருள்கள் காற்றுக் குமிழிகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால் அந்நுரை நிலைக்கிறது. இக்கருவியும் அதே தத்துவத்தைப் பயன்படுத்துகிறது. ஒரு நீண்ட குழாயில் மிக நுண்ணிய குமிழிகள் செலுத்தப்படுகின்றன. அவை அழுக்கைச் சுமந்துகொண்டு மேலேறிப் பழுப்பு நிற நுரையாகி, உச்சியிலுள்ள கிண்ணத்தில் வடிகின்றன. கழிவு அழுகி அமோனியாவாக மாறும் முன்பே வெளியேற்றப்படுவது இதன் தனிச்சிறப்பு. நீரில் பிராணவாயு கலப்பதற்கும் இது துணைபுரிகிறது. 560 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிடச் சுமார் 6 சதவிகிதம் குறைவு. அதற்கேற்ப நீரில் கரையும் பிராணவாயுவும் குறையுமாதலால் இவ்வுதவி சிறிதன்று.

மூன்றாம் அறையில் பாசி வளர்க்கப்படுகிறது. மீன்களின் கழிவிலிருந்து இறுதியில் விளையும் நைட்ரேட்டைப் பாசி உரமாக உட்கொள்கிறது. மிகுந்து வளரும் பாசியைக் கிள்ளி எடுத்தால், நைட்ரேட்டும் அதனோடு வெளியேறுகிறது. மேல்தொட்டியின் விளக்கு அணையும் இரவு வேளையில் இவ்வறையின் விளக்கை ஏற்றுவது வழக்கம். இரவில் உயிர்கள் வெளிவிடும் கரியமிலவாயுவைப் பாசி உட்கொள்வதால், நீரின் காரத்தன்மை இரவும் பகலும் ஓரளவு சமமாக நிற்கிறது.

கடைசி அறையிலுள்ள பம்பு தூய நீரை மேல்தொட்டிக்கு ஏற்றுகிறது. புனேயில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரி சென்டிகிரேடு அளவிற்கு இறங்குவதும், கோடைப் பகலில் 40 டிகிரியை நெருங்குவதும் உண்டு. நீரோ 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஆகவே வெப்பமூட்டி, குளிர்விப்பான் ஆகிய இரண்டும் தேவை. குளிர்விப்பான் தான் நீரிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே தள்ளுவதால், அதனை மூடிய மரப்பெட்டிக்குள் வைத்தல் பிழையாகும். அப்பெட்டிக்குக் காற்றோட்டத் துளைகளும் வேண்டும். இல்லையேல் உப்பீரம் தேங்கி மரம் உப்பும், மின்னிணைப்புகள் துருவேறும். மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவது உயிர்காக்கும் ஏற்பாடாகும்.

உபகரணங்களை மறைப்பது கண்ணுக்கே அன்றிக் கைக்கு அன்று. துணிப்பையையோ பம்பையோ எளிதில் எடுக்க இயலாதவாறு அமைத்துவிட்டால், அவற்றைச் சுத்தம் செய்யும் வேலை நாள்தோறும் தள்ளிப் போகும். தொட்டிகள் பல பாழாவதற்கு இதுவே காரணம்.

மின்சாரம் நின்றால்

புனேயில் பராமரிப்பு வேலைகளுக்காக வியாழக்கிழமைகளில் சில பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்படுவது வழக்கம். அவ்வேளையில் பம்பு நிற்க, மேல்தொட்டியின் நீர் வழிபெட்டியின் விளிம்பு மட்டம் வரை கீழே இறங்கிவிடும். நீர்மட்டம் 3 சென்டிமீட்டர் இறங்குவதாகக் கொண்டால், 180-ஐ 60-ஆல் பெருக்கிய பரப்பில் அது 32 லிட்டருக்கு மேலாகும். குழாய்களில் நின்ற நீரும் இதனுடன் சேரும். அடித்தொட்டியில் இவ்வளவு நீருக்கும் எப்போதும் காலியிடம் விட்டு வைக்காவிடில், கூடம் முழுவதும் உப்புநீர் பரவும். மேலேற்றும் குழாயின் வாய் ஆழத்தில் இருக்குமாயின், அதன் வழியே நீர் பின்னோக்கி இழுக்கப்பட்டு மேலும் பல லிட்டர் இறங்கும். நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சிறு துளையிட்டால், அதில் காற்று புகுந்து இவ்விழுப்பை முறித்துவிடும். மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றைச் சேமத்தில் வைத்திருத்தல் நன்று.

கண்ணுக்குப் புலப்படாத குடிகள்

மறைவிலுள்ளவற்றுள் மிக முக்கியமானவை எந்தக் கடையிலும் வாங்கிய கருவிகள் அல்ல. மீன்கள் வெளியிடும் அமோனியா கொடிய நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வேலையை இரு வேறு வகை நுண்ணுயிர்கள் செய்வதை வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய விஞ்ஞானி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலைநாட்டினார். இவை கற்களின் நுண்துளைகளில் குடியேறிப் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும். அதுவரை மீன் ஒன்றையும் விடாமல், சிறிதளவு அம்மோனியம் குளோரைடை மட்டும் இட்டு, நீரை அடிக்கடி சோதித்து வரவேண்டும். இட்ட அமோனியாவும், அதிலிருந்து தோன்றிய நைட்ரைட்டும் ஒரே நாளில் மறைந்துவிடுமாயின் தொட்டி தயாராகிவிட்டது எனலாம். பொறுமையின்றி முதல் வாரத்திலேயே மீன்களை விடுவோர் அவற்றை நஞ்சில் விடுகின்றனர்.

பவழமும் சட்டமும்

இத்தகைய தொட்டியில் உயிருள்ள பவழங்களை வைக்கலாமா என்னும் வினா இயல்பாகவே எழும். பாறை அமைக்கும் பவழங்கள், கரும்பவழம், கடல்விசிறி முதலியன 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு பவழப் பூச்சிக்கும் உண்டு. கடற்குதிரைகளும் அவ்வாண்டிலேயே பாதுகாப்புப் பெற்றன. முதல் அட்டவணை உயிர்களைக் கவர்ந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். கரையில் பொறுக்கிய இறந்த பவழக் கல்லும் சட்டத்திற்குப் புறம்பானதே.

இச்சட்டத்தின் தேவையை அறிய மன்னார் வளைகுடாவை நினைத்தல் போதும். அங்கே பல்லாண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவழப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. 21 தீவுகளைக் கொண்ட பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவற்றுள் இரண்டு தீவுகள் இன்று நீரில் மூழ்கிவிட்டன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பம் மிகுந்து பவழங்கள் வெளுத்தன. சாதாரண நிலையைவிட ஓரிரு டிகிரி வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவழம் தன்னுள் வாழும் நுண்பாசியை இழந்து வெளுத்துவிடும். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்வள ஆராய்ச்சி நிலையத்தார் செயற்கைச் சட்டங்களில் பவழத் துண்டுகளை நட்டு வளர்த்து வருகின்றனர். ஒருபுறம் இவ்வாறு நட்டு வளர்க்கையில், மறுபுறம் வீட்டு அலங்காரத்திற்காகப் பறிப்பது பொருந்தாச் செயலாகும்.

ஆகவே நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கற்களைக் கொண்டே பாறை போன்ற அமைப்பை உண்டாக்குதல் முறை. மீன்களிலும், கடலில் பிடிக்கப்பட்டவற்றைத் தவிர்த்து, குஞ்சு பொரிப்பகங்களில் வளர்ந்தவற்றையே நாடலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைச் சிறைவாழ்வில் இனப்பெருக்கம் செய்வித்துள்ளன. கடற்சாமந்தியின் துணையின்றியும் இம்மீன்கள் தொட்டியில் நலமாக வாழ்கின்றன. நன்கு பேணினால் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. தொட்டி அமைப்போர் ஏற்கும் பொறுப்பும் அத்தனை ஆண்டுகளுக்கு உரியதேயாகும்.

வீட்டுக் கூடத்தில் 700 லிட்டர் நீரைத் தூய்மையாக வைத்திருக்க எத்தனை கருவிகளும், எவ்வளவு மின்சாரமும், எத்துணை விழிப்பும் வேண்டியிருக்கின்றன என்பதை இத்தொட்டி நாள்தோறும் உணர்த்துகிறது. அதே பணியைக் கடல் ஓசையின்றி, செலவின்றிச் செய்து வருகிறது. மரப்பெட்டியின் கதவைத் திறந்து அடித்தொட்டியைப் பார்க்கும் சிறுவர்களுக்கு இதனை எடுத்துக்கூறுவது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கிடைத்துள்ள நல்ல வாய்ப்பாகும்.